வளைதலும் வளைத்தலும்: குழந்தைகளும் ஜிம்னாஸ்டிக்ஸும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழி கல்வி, ஒழுக்கம், இசை, மொழி என எதற்கெல்லாமோ எடுத்தாளப்படுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பொருத்திப் பார்க்கக்கூடிய துறை ஒன்று உண்டு. அது ஜிம்னாஸ்டிக்ஸ். சீருடற்பயிற்சி என்னும் தமிழ்ப் பெயர் பாடநூல்களில் இருப்பினும், பெற்றோர் வழங்குவது ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் பெயரையே. ஐந்து, ஆறு வயதில் தொடங்கினால்தான் உண்டு, இல்லையேல் இல்லை என்று அவர்களிடம் சொல்லப்படும் துறையும் அதுவே.

அப்பழமொழியின் இலக்கணத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அதில் வருவது ‘வளையாதது’ என்னும் சொல். ‘வளைக்காதது’ அன்று. வளைதல் தன்வினை, வளைத்தல் பிறவினை. தானே வளைவது வேறு, பிறர் வளைப்பது வேறு. தமிழில் ஒரு வல்லெழுத்து இரட்டிப்பதில் அடங்கிவிடும் இவ்வேறுபாடு, பயிற்சிக்கூடத்தில் ஒரு குழந்தையின் முதுகெலும்பையும் மணிக்கட்டையும், சில வேளைகளில் உயிரையும் பொறுத்ததாக இருக்கிறது. குழந்தைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் நல்லதா, கெட்டதா என்னும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைக்காமைக்கும் இதுவே காரணம். அக்கேள்வியின் எழுவாய் யார் என்பதை யாரும் கேட்பதில்லை.

முதலில் நன்மைகளைச் சொல்லிவிட வேண்டும். அவை உண்மையானவை, சிறியவையும் அல்ல.

5 முதல் 17 வயது வரையிலான குழந்தைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவ்விரண்டாம் பகுதியை நிறைவு செய்வதில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு இணையான விளையாட்டுகள் சிலவே. குதித்துத் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் எலும்பு ஒரு தாக்கத்தைப் பெறுகிறது. வளரும் எலும்பு அத்தாக்கத்திற்கு விடையாகத் தன்னை அடர்த்தியாக்கிக் கொள்கிறது. பருவமடைவதற்கு முன்பு இப்பயிற்சியில் ஈடுபட்ட குழந்தைகளின் எலும்பு அடர்த்தி பிற குழந்தைகளைவிட மிகுதி என்பதும், பயிற்சியை நிறுத்திய பின்னரும் அப்பயனில் ஒரு பகுதி எஞ்சுகிறது என்பதும் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தப்பட்ட செய்திகள். எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் முடிந்துவிடுகிறது. முதுமையில் எலும்பு நலிவுறும்போது செலவாவது இளமையில் சேர்த்ததுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. கால்பந்து கால்களுக்கும், நீச்சல் தோள்களுக்கும் மிகுதியாக வேலை தரும். ஜிம்னாஸ்டிக்ஸோ உருளுதல், தொங்குதல், கைகளில் நிற்றல், ஒற்றைக்காலில் சமநிலை காத்தல், விழுந்தால் அடிபடாமல் விழுதல் என உடலின் அடிப்படை அசைவுகள் அனைத்தையும் கற்பிக்கிறது. விழக் கற்றல் என்பது பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு கல்வி. மேலும், பிறரை வெல்லாமலேயே முன்னேற்றத்தை உணரலாம் என்பது இத்துறையின் தனிச்சிறப்பு. நேற்று கைகொள்ளாத கரணம் இன்று கைகூடும்போது, அதை அறிந்துகொள்ள மதிப்பெண் பலகை எதுவும் குழந்தைக்குத் தேவைப்படுவதில்லை.

‘ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் உயரம் வளராது’ என்னும் அச்சம் இந்திய வீடுகளில் பரவலாக உள்ளது. இதில் காரணமும் விளைவும் இடம் மாறியுள்ளன. குட்டையான, இலேசான உடலுடையவர்களுக்கு இவ்விளையாட்டு எளிது. ஆகவே அத்தகையோரே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர், நிலைத்தும் நிற்கின்றனர். வாரத்தில் சில மணி நேரம் பயிலும் குழந்தையின் உயரம் பயிற்சியால் குறைவதில்லை. ஆனால் கடும் பயிற்சியும் போதாத உணவும் ஒன்றுசேரும்போது நிலைமை வேறு. அப்போது பருவமடைதல் தள்ளிப்போகிறது. எலும்பு அடர்த்தி கூடுவதற்கு மாறாகக் குறைகிறது. மேலே சொல்லப்பட்ட நன்மையே தலைகீழாகத் திரும்பிவிடுகிறது.

தீமைகளின் கணக்கு இங்கிருந்து தொடங்குகிறது. குழந்தையின் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான பகுதி உள்ளது. ஜிம்னாஸ்டிக்ஸில் கையே காலாகவும் பயன்படுவதால், உடலின் முழு எடையையும் மணிக்கட்டு தாங்க நேர்கிறது. ஓயாத தாக்கத்தால் முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு நைந்து போவதை மருத்துவர்கள் ‘ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு’ என்றே பெயரிட்டு வழங்கும் அளவுக்கு அது வழமையான காயம். பின்னோக்கி வளையும் அசைவுகள் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும்போது, கீழ்முதுகின் எலும்பில் நுண்விரிசல் தோன்றுகிறது. குதித்து இறங்கும் கணத்தில் கால்கள் வாங்கும் விசை உடல் எடையைப் போல் பல மடங்கு. கடினமான கரணங்களில் பத்து மடங்கையும் தாண்டும். நன்மை தருவதும் அதே தாக்கம், தீமை தருவதும் அதே தாக்கம். இரண்டையும் பிரிப்பது அளவு, ஓய்வு, வயது ஆகியவையே.

அந்த அளவைக் கணிக்க விளையாட்டு மருத்துவர்கள் எளிய வழிகாட்டி ஒன்றைத் தருகின்றனர். ஒழுங்கமைந்த பயிற்சிக்கான வாராந்தர மணி நேரம் குழந்தையின் வயதைக் கடக்கலாகாது. எட்டு வயதுக் குழந்தைக்கு வாரத்தில் எட்டு மணி நேரம். பதக்கக் கனவு தொடங்கிய கூடங்களில் இக்கணக்கு எப்போதோ கைவிடப்படுகிறது.

இவ்விளையாட்டு ஏன் இவ்வளவு சிறு வயதைத் தேடிச் சென்றது என்பதற்கு வரலாறு உண்டு. 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழு மதிப்பெண்ணான பத்தைப் பெற்றார். அம்மதிப்பெண்ணைக் காட்டும் வசதியின்றிப் பலகை 1.00 என்று காட்டியது. அப்போது அவருக்கு வயது 14. அதன்பின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது உண்மையில் சிறுமியர் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாகியது. அது சென்ற திசையைக் கண்டு, பன்னாட்டுக் கூட்டமைப்பு பெண்களுக்கான குறைந்தபட்ச வயதை 1981-இல் 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்த்தியது. விதி உயர்ந்ததும் பொய்யும் உடன் வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீன மகளிர் அணி வென்ற வெண்கலம், அணியில் ஒருவருக்கு அப்போது 14 வயதே என்று தெரியவந்ததால், பத்து ஆண்டுகளுக்குப் பின் 2010-இல் பறிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க இரு பெண்கள் உள்ளனர். ஒருவர் சோவியத் நாட்டின் எலேனா முகினா. 1978-இல் உலக வாகையர். காலில் ஏற்பட்ட முறிவு முழுமையாக ஆறும் முன்பே பயிற்சிக்குத் திரும்ப வைக்கப்பட்டவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சில நாட்களே இருந்தபோது, அபாயகரமான கரணம் ஒன்றைப் பயிலுகையில் கழுத்தெலும்பு முறிந்து, இருபதாம் வயதில் முற்றிலும் செயலிழந்தார். அக்கரணத்தால் கழுத்து முறியக்கூடும் என்று முன்பே பயிற்சியாளரிடம் சொன்னதாகப் பின்னாளில் அவரே கூறினார். சொன்ன சொல் கேட்கப்படவில்லை.

மற்றவர் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தம் உடல் எங்கே இருக்கிறது என்னும் உணர்வு தப்பிப்போவதை அறிந்து, அணிப் போட்டியின் நடுவே விலகினார். கோழை என்றும் நாட்டைக் கைவிட்டவர் என்றும் தூற்றப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு திறமையில் இல்லை. ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னது செல்லவில்லை. இன்னொருவர் சொன்னது செல்லுபடியாயிற்று.

‘கரணம் தப்பினால் மரணம்’ என்று அறிந்து சொன்ன மொழியில், கரணம் போடுபவரின் அச்சத்துக்கு மதிப்பு இருந்தாக வேண்டும். ஆனால் பயிற்சிக்கூடங்களின் பேச்சுவழக்கில் அச்சம் என்பது திருத்தப்பட வேண்டிய குற்றம். வலி என்ற சொல்லும் அங்கே பொருள் மாறுகிறது. தசை உழைப்பால் எழும் வலியும், எலும்பு நைவதால் எழும் வலியும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் ‘பொறுத்துக்கொள்’ என்பதே மறுமொழி. ஏழு வயதுக் குழந்தையிடம் இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும் சொற்கள் இல்லை. அச்சொற்களைக் கற்பிக்க வேண்டியவரே பயிற்சியாளர்தான். ‘எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, நேற்றும் வலித்ததா?’ என்று கேட்கத் தெரிந்த பயிற்சியாளர் இருக்கும் கூடத்தில் காயங்கள் முளையிலேயே பிடிபடுகின்றன.

கேட்காத கூடங்களில் என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள் குவிந்துள்ளன. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் குறித்து 2022-இல் வெளியான விசாரணை அறிக்கை நானூறுக்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பெற்றது. காயத்துடன் பயிலச் செய்தல், உணவும் நீரும் மறுத்தல், கழிவறைக்குச் செல்லவும் தடை, எடையைக் காட்டி இழிவுபடுத்தல் ஆகியன அதில் இடம்பெற்றன. அமெரிக்காவில் அணி மருத்துவராக இருந்த லாரி நாசருக்கு எதிராக 2018-இல் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்குமூலம் அளித்தனர். அவர்களுள் பலர் சிறுமியராக இருந்த காலத்தில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள். சிலர் அப்போதே பெரியவர்களிடம் சொல்லியும் இருந்தனர். அடிபணியப் பழக்கப்பட்ட குழந்தை அனைத்துக்கும் அடிபணியும் என்பதே இவை கற்பிக்கும் பாடம்.

இனி இந்தியாவுக்கு வரலாம். இங்கே இவ்விளையாட்டின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் ஊர் திரிபுராவின் தலைநகர் அகர்தலா. வங்க மொழிப் பகுதிகளில் ‘வ்யாயாமாகாரம்’ எனப்படும் உடற்பயிற்சி மன்றங்களின் மரபில் ஊன்றி வளர்ந்த ஊர் அது. அங்கே ஆறாவது வயதில் பயிற்சிக்குக் கொண்டுவரப்பட்டவர் தீபா கர்மாகர். அவருக்குத் தட்டைப் பாதம். குதித்து இறங்குவதற்கே தடையாக அமையும் குறை. ஆண்டுக்கணக்கான பயிற்சியால் அதைச் சரிசெய்தனர். முறையான கருவிகள் இல்லாத காலத்தில் பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு உந்துபலகை அமைத்துப் பழகியதாகச் செய்திகள் கூறும். 2016 ஆகஸ்ட் 14 அன்று ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதியில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளி.

அன்று அவர் செய்த ப்ரோடுனோவா பாய்ச்சல், தவறினால் கழுத்து முறியக்கூடியது என்பதால், ‘சாவுப் பாய்ச்சல்’ என்றே அழைக்கப்பட்டது. ஊடகங்கள் அதைத் துணிவின் சின்னமாகக் கொண்டாடின. ஆனால் அக்கொண்டாட்டத்தில் ஒரு செய்தி விடுபட்டது. 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் அப்பாய்ச்சலுடன் அவர் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது இருபது. ரியோவில் 23. ஆறு வயதில் தொடங்கினார் என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். உயிரைப் பணயம் வைக்கும் முடிவு வளர்ந்த ஒருவரின் முடிவு என்பதை மறந்துவிடுகின்றனர். ரியோவிலிருந்து திரும்பிய கையோடு அவர் முதுகலைத் தேர்வு எழுதச் சென்றதும் நினைவுகூரத் தக்கது. பின்னர் முழங்கால் அறுவை சிகிச்சை. ஊக்கமருந்து விதிமீறலுக்காக 21 மாதத் தடை. அதன் பின்னும் மீண்டு, 2024-இல் தாஷ்கண்டில் ஆசிய வாகையர் பட்டம். அப்போது அவருக்கு 30 வயது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். இவ்விளையாட்டு குழந்தைப் பருவத்திலேயே முடிந்துபோக வேண்டும் என்னும் விதி எதுவும் உடலில் எழுதப்படவில்லை.

இந்தியச் சட்டமும் இதில் பேசுகிறது, பலர் அறியாவிடினும். சர்க்கஸ் கூடாரங்களில் குழந்தைகளைப் பணியமர்த்துவதைத் தடைசெய்யுமாறு 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறைவடையாதோரைப் பணியில் ஈடுபடுத்துவதைத் தடுத்துவிட்டு, சில விலக்குகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று கலை நிகழ்ச்சிகளும் விளையாட்டுச் செயல்பாடுகளும், ‘சர்க்கஸ் நீங்கலாக’. இந்தச் சிறு தொடர் சிந்திக்க வைப்பது. சர்க்கஸ் கூடாரத்தில் பின்னோக்கி வளையும் சிறுமியின் முதுகும், விளையாட்டு அரங்கில் வளையும் சிறுமியின் முதுகும் ஒன்றே. தெருவோரக் கழைக்கூத்தாடியின் மகள் கயிற்றில் நடந்தால் இரங்குவோரும், தம் மகள் நான்கு அங்குல அகலக் கட்டையில் நடந்தால் கைதட்டுவர். அசைவில் வேறுபாடு இல்லை என்றால் சட்டம் எதைப் பிரித்துப் பார்க்கிறது?

விடை 2017-இல் வந்த விதிகளில் உள்ளது. விலக்கு பெறும் செயல்களில் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஈடுபடுத்தலாகாது. பள்ளிக்கல்வி பாதிக்கப்படலாகாது. குழந்தையின் விருப்பத்துக்கும் இசைவுக்கும் மாறாக ஈடுபடுத்தலாகாது. விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியையும் இவ்விதிகள் உள்ளடக்குகின்றன. ஆக, விளையாட்டை சர்க்கஸிலிருந்து பிரிப்பது மெத்தையின் தரமோ, மார்பில் பொறித்த மூவண்ணமோ அன்று, குழந்தையின் இசைவு. இசைவு இல்லாத இடத்தில் விளையாட்டு அரங்கமும் கூடாரமே. எத்தனை பயிற்சிக்கூடங்களில் இவ்விதி பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது எளிதில் தள்ளிவிடக் கூடியதும் அன்று. மேற்கு வங்கத்தின் பிங்களாவைச் சேர்ந்த பிரணதி நாயக்கின் தந்தை பேருந்து ஓட்டுநர். மகள் ஒலிம்பிக் வரை சென்றார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இரயில்வே வேலையும் இராணுவ வேலையும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். அத்தகைய வீட்டில், ‘இன்று போகவில்லை’ என்று ஒரு குழந்தை சொல்வது குடும்பத்தின் எதிர்காலத்தையே மறுப்பதாகத் தோன்றும். விருப்பம் என்பது வசதியுள்ளோர் பேசும் பேச்சு என்று சிலர் கூறுவதன் பொருள் இதுதான். அதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வாதத்தை முழுமையாக ஏற்றால், சர்க்கஸ் முதலாளியின் வாதத்தையும் ஏற்க நேரும். அவரும் வறுமையையே காரணம் காட்டினார். மேலும், காயமுற்ற உடலின் செலவை வறிய குடும்பமே தாங்க இயலாது. வசதி குறைந்த வீட்டுக் குழந்தைக்கே ‘வேண்டாம்’ என்னும் சொல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அச்சொல்லுக்கு உதவித்தொகையும் விடுதி இடமும் பலியாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை.

கடுமை இன்றி வாகையர் உருவாவதில்லை என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் கடுமை வேறு, கொடுமை வேறு. கடுமையைத் தானே ஏற்கும் வயது ஒன்று உண்டு. அந்த வயதுவரை குழந்தையைக் கூடத்தில் மகிழ்ச்சியாக நிலைக்க வைப்பதே தொடக்கப் பயிற்சியின் வேலை. பத்து வயதில் நைந்துபோன மணிக்கட்டைக் கொண்டு இருபது வயதில் ப்ரோடுனோவா பாய முடியாது.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் பதக்கங்களின் எண்ணிக்கையை விசாரிப்பதற்கு முன்பு வேறு சிலவற்றை விசாரிக்கலாம். பயிற்சியைப் பெற்றோர் பார்க்கலாமா, கதவு மூடியிருக்குமா? ஆழ்ந்த மெத்தையும் பஞ்சுக்குழியும் உண்டா? கால்களை அகட்டி அமர்த்தித் தோளில் ஏறி அழுத்தி நெகிழ்ச்சி வரவழைக்கும் வழக்கம் அங்கு உள்ளதா? எடையை அனைவர் முன்னிலையிலும் சொல்கிறார்களா? தொட்டுத் திருத்தும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ளோருக்குத் தெரியுமா? வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு? நிறைவாக, ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு குழந்தை சொன்னால் பயிற்சியாளரின் முகம் எப்படி மாறுகிறது? ஒரு மாலைப் பொழுது ஓரமாக அமர்ந்து பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

இந்தியாவில் பெரும்பாலான குழந்தைகள் ஒலிம்பிக் செல்லப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு மணி நேரம், உருண்டு தொங்கிக் குதித்து வியர்த்து வீடு திரும்பினால், முன்சொன்ன நன்மைகளில் ஏறத்தாழ அனைத்தும் அவர்களுக்குக் கிட்டிவிடும். தீமைகளில் மிகச் சிலவே அண்டும். இதற்கு மேல் எவ்வளவு என்பதைக் குழந்தை வளர வளர, அதனோடு பேசி முடிவு செய்யலாம். பேசி என்பதே இங்கு முதன்மையான சொல்.

ஐந்தில் வளைவது நல்லது. மூங்கில் முளையும் அவ்வாறுதான் வளைகிறது, காற்றுக்கு ஏற்ப, தன் அளவில். வளைத்துக் கட்டிய முளையோ, கட்டு அவிழ்ந்த பின்னும் நேராக நிமிர்வதில்லை. பயிற்சிக்கூடத்தின் வாயிலில் நிற்கும் ஒவ்வொரு பெற்றோரும் ஒவ்வொரு மாலையும் கேட்க வேண்டியது ஒன்றே: இன்று இக்குழந்தை வளைந்ததா, வளைக்கப்பட்டதா?